கான்ஸ்டபிளை உட்காரச் சொன்னவன்

அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று இரண்டு நாளாகத் தேடினேன். கிடைத்தது இவ்வளவுதான்: அவன் சட்டைக் காலரில் அழுக்கைப் பார்த்ததில்லை.

இனி மற்றதைச் சொல்லலாம்.

தி. நகரில், பாத்திரக் கடை ஒன்றின் தலைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்து கொடுக்கும் இடம். கீழே நாள் முழுக்க எவர்சில்வர் குடங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். மேலே, திரைபோட்டு வெயிலை வெளியே நிறுத்திய ஹாலில், நாங்கள் முப்பது பேர் புலிகளையும் பாம்புகளையும் பறக்கும் ரதங்களையும் பெற்று வளர்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்கும் எனக்கும் ஒரே வேலை. ரிக்கிங். கணினியில் செய்த உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் தோல்தான், காற்றடைத்த பிணம். அதற்குள் எலும்பு போட வேண்டும். மூட்டு வைக்க வேண்டும். எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் எவ்வளவு கூடப் போக வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக வண்ணம் பூசிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அது நடக்கும், சிரிக்கும், சாகும். படம் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இருந்ததே தெரியாது. தெரிந்துவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறோம் என்று அர்த்தம்.

எலும்பு போட்டு முடித்த உருவத்துக்கு ரிக் என்று பெயர்; அதை மற்றவர்கள் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அவன் அப்படியில்லை. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். வந்தது தெரியாது. அவன் வாயில் எப்போதும் ஒரு சீரக மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். அது பல்லில் இடிபடும் சத்தம் காதருகே கேட்டால், முதுகுத்தண்டு தானாக நிமிரும்.

"ஷோக்கா கீது," என்பான். அப்புறம், "ஒக்கார வை."

நாற்காலியில் இல்லை. தரையில். சம்மணம் போட்டு.

சம்மணம் சாதாரண விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு பொம்மைக்கு இடுப்பு செய்து பார்க்க வேண்டும். தொடை வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும், முட்டி முழுக்க மடங்க வேண்டும், ஒரு பாதம் எதிர்த்தொடையின் அடியில் நுழைய வேண்டும், அத்தனையும் நடக்கும்போது இடுப்புத் தோல் கசங்காமல் மடிய வேண்டும். நாங்கள் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒருவரும் தரையில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பாடங்களைச் செய்தவர்கள் பிறந்ததிலிருந்து நாற்காலியில் சாப்பிட்டவர்களாக இருக்கலாம். அதனால் எங்கள் ராஜகுமாரிகள் குதிரை ஏறுவார்கள், வாள் வீசுவார்கள், உட்காரச் சொன்னால் தொடை இடுப்புக்குள் புகுந்து முதுகுப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

அதை அவன் உங்களையே செய்ய வைப்பான். எல்லோரும் பார்க்க. கிழிந்ததும் "பாத்தியா" என்றுகூடச் சொல்ல மாட்டான். மிட்டாயை ஒரு கடி. அடுத்த நாற்காலி.

ரிஸ்வான் என்று திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் எங்களோடு இருந்தார். உருவங்களைச் செதுக்குகிறவர். ஒருநாள் அவர் செதுக்கி நான் எலும்பு போட்ட டிராகன் ஒன்றையும் இவன் உட்காரச் சொன்னான். ரிஸ்வான் எழுந்தேவிட்டார்.

"டிராகன் எதுக்குய்யா சம்மணம் போடணும்? பந்தியில உக்காந்து பிரியாணி சாப்டப் போவுதா?"

"பறந்துகினே இருந்தா அதுக்கு மட்டும் கால் வலிக்காதா பாய்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிராகனை உட்கார வைத்தேன். அதன் இடுப்பு பழைய துணி மாதிரி கிழிந்தது. அன்று மாலை மாம்பலம் ஸ்டேஷன் வரை கூட்டத்தில் இடிபட்டு நடந்தபோது, எதிரே வந்த ஒவ்வொரு இடுப்பின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

மனிதர்களையும் அவன் அப்படித்தான் பார்த்தான். உடன் வேலை செய்த ஒருவனுக்கு மந்தைவெளியில் கல்யாணம். மணமேடையைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவன் மெதுவாகச் சொன்னான்: "பொண்ணு ஒக்காந்துக்கினா. மாப்ள இன்னும் ஒக்காரல பாரு. ஒரு பக்கமா சாஞ்சிக்கினு கீறான். எந்திரிச்சி ஓடறவன் ஒக்கார்ற மாதிரி." அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பேசுகிற பேச்சா இது? அந்த ஜோடி இன்றும் நன்றாக இருக்கிறது. பையன் எட்டாவது படிக்கிறான். அவன் கணிப்பு தவறியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு ஆடி மாதத்தில் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, படங்கள் குறைந்துவிட்டன, பொங்கலுக்குமேல் ஸ்டூடியோ இருக்காது என்றார். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வேறு தொழில் தெரியாது. வேலை இருந்தது வீடியோ கேம் கம்பெனிகளில். அங்கே படிப்பு, அனுபவச் சான்றிதழ் எதையும் பார்க்க மாட்டார்கள். ரீல் கேட்பார்கள். நீங்கள் எலும்பு போட்ட உருவம் என்னவெல்லாம் செய்யும் என்று காட்டும் இரண்டு நிமிடப் படம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் உங்கள் இருபது வருடமும் அடங்கியாக வேண்டும். அதில் விழுந்தால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஹால் முழுக்க எல்லோரும் ரீல் செய்யத் தொடங்கினோம். அவன் ஒன்பதே நாளில் முடித்தான். நாற்பது விநாடி. பாட்டு இல்லை, பின்னணி இல்லை. உடை இல்லாத, முகம் இல்லாத, சாம்பல் நிற ஆள் ஒருவன் நடந்து வருகிறான். தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறான். கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறான். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை முட்டியில் வைத்து, களைத்தவன் எழுவதுபோல எழுகிறான். போய்விடுகிறான்.

"அவ்ளோதானா?" என்று கேட்டார் ரிஸ்வான்.

"வேற இன்னா வோணும்?"

நாங்கள் தேநீர்க் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடையாறில் ஒரு கேம் கம்பெனி அதைப் பார்த்த மறுவாரமே அவனை எடுத்துக்கொண்டது. மழைக்காலம் தொடங்கியதும் வந்து சேரச் சொன்னார்கள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

என் ரீலுக்கு நான் ஒரு கான்ஸ்டபிளை எடுத்துக்கொண்டேன். ரிஸ்வான் செதுக்கிக் கொடுத்தார்: மீசை, வியர்வை, பெல்ட்டுக்கு மேலே தளும்பும் தொப்பை. அந்தத் தொப்பைதான் என் கர்வம். கேம் உருவங்களில் சினிமா மாதிரி இஷ்டத்துக்கு எலும்பு போட முடியாது. விளையாடுகிறவன் பொத்தானை அழுத்திய அந்தக் கணமே உருவம் அசைந்தாக வேண்டும் என்பதால், இத்தனை எலும்புக்குமேல் கூடாது என்று வரம்பு உண்டு. நான் அந்த வரம்பில் பாதியைத் தொப்பைக்கு அள்ளிக் கொடுத்தேன். கான்ஸ்டபிள் ஓடும்போது அது ஒரு தாளம் பிந்திக் குலுங்கும். சுவரேறிக் குதிக்கும்போது முதலில் மேலே எழும்பி, அப்புறம் யோசித்து இறங்கும். சல்யூட் அடித்தால் உள்ளே போகும். பார்க்கிறவர்கள் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒரு மதியம் அதை எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினேன். கைதட்டல். ரிஸ்வான் என் தோளைக் கட்டிக்கொண்டு, "வேலை உங்களுக்குத்தான், போய் ஸ்வீட் வாங்கிட்டு வாங்க," என்றார்.

மிட்டாய் இடிபட்டது.

"ஷோக்கா கீது. ஒக்கார வை."

"முடியாது," என்றேன்.

அவனிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"இது கேம்," என்றேன். "இவன் ஓடுவான், ஏறுவான், சுடுவான். எந்தக் கேம்ல போலீஸ்காரன் தரையில உக்கார்றான்?"

"அறுவத்து மூவர் அன்னிக்கு மாட வீதில பாத்ததில்லியா நைனா? பந்தோபஸ்துக்கு வந்தவன் புளிசோத்துப் பொட்டலத்தப் பிரிச்சி எங்க ஒக்காந்து துன்றான்? உன் தொப்பைலியா?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ."

"ஓட்றதுக்கு எலும்பே தேவல," என்றான். "காத்தடிச்சா பேப்பர்கூட ஓடும்."

போனான். நான் உட்கார வைக்கவில்லை. வீட்டுக்குப் போய், வேளச்சேரி ஃபிளாட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார வைத்தேன். இடுப்பில் போடுவதற்கு எலும்பு மிச்சம் இல்லை. தொடை இரண்டும் தொப்பையைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்தன. காக்கி கால்சட்டை கவட்டையில் பிளந்தது. என் கான்ஸ்டபிள், அவ்வளவு கம்பீரமாகச் சுவரேறியவன், தன் சொந்தக் கால்களாலேயே குடல் கிழிபட்டு, அதே மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். சரிசெய்ய வேண்டுமானால் தொப்பையிலிருந்து எலும்பைப் பிடுங்கி இடுப்புக்குத் தர வேண்டும். தொப்பை செத்துவிடும். கைதட்டலும்.

தொப்பையை வைத்துக்கொண்டேன். ரீலில் உட்காரும் காட்சி கிடையாது, அவ்வளவுதானே? ரீலில் இல்லாததை யார் கேட்கப் போகிறார்கள்?

அடையாறு வேலையில் சேர்ந்த சில நாளில், என்னுடைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நல்ல மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். சுமதி துண்டு கொடுத்தாள், காபி கொடுத்தாள். உள்ளறையிலிருந்து அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். சமையலறைவரை எட்டடி இருக்கும். அவன் பேச்சு பாதியில் நின்றது. மிட்டாயும் நின்றது.

"பெரியவரே, கீழ ஒக்காந்து எய்ந்துப்பீங்களா?"

"என்ன தம்பி?"

"சும்மாத்தான் கேக்கறேன். சம்மணம் போட்டு."

அப்பா சிரித்தார். "அதெல்லாம் விட்டு ரெண்டு மாசம் ஆச்சுப்பா. சாப்பாடுகூட மேஜையிலதான்."

"எடது கால்ல நீங்க பாரமே வுடல. பயந்து பயந்து வெக்கிறீங்க. எலும்பு டாக்டராண்ட ஒருதபா காட்டிடுங்க."

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை. மாப்பிள்ளையின் மேல் விழுந்த பார்வை, என் டிராகனின் மேல் விழுந்த பார்வை. என் வீட்டுக்குள், என் அப்பாவின் மேல்.

"எங்கப்பா ரிக் இல்லடா. கிளம்பு," என்றேன்.

"என்னங்க..." என்றாள் சுமதி.

அவன் காபியைப் பாதியில் வைத்தான். "நான் சொல்றத்த சொல்ட்டேன்," என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனான். கேட்டைச் சாத்தும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழை நின்று, தண்ணீர் வடிந்து, சுவரில் அது விட்டுப்போன கோடு காயும் முன்பு அப்பா குளியலறையில் விழுந்தார். இடது இடுப்பு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "விரிசல் முன்னாடியே இருந்திருக்கு, அதோடயே நடந்திருக்கார். வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்றார். கவனித்த ஒருவனை நான் மழையில் விரட்டியிருந்தேன். அப்பா அப்புறம் நடக்கவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று சுமதி இன்றும் சொல்கிறாள். சரியாகச் சொன்னவனை மன்னிக்கவே எனக்கு வழி தெரியவில்லை, மன்னிப்பு எங்கே கேட்பது? தப்பாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

மார்கழியில் என் ரீல் முடிந்தது. பின்னணியில் தெப்பக்குளம், மழை, ஓர் ஒற்றை நாதஸ்வரம், நடுவில் கான்ஸ்டபிள். பல இடங்களுக்கு அனுப்பினேன். பதில் வந்தது ஒன்றே ஒன்று. அடையாறிலிருந்து. அவன் சேர்ந்திருந்த அதே கம்பெனி. ரிக் கோப்போடு நேரில் வரச் சொன்னார்கள். ஸ்டூடியோ மூட மூன்று வாரம் இருந்தது. வீட்டில் அப்பா படுக்கையில், சுமதி அவருக்காக வேலையை விட்டுவிட்டு. எனக்கு வேறு கதவு இல்லை.

கண்ணாடி அறை. மேஜைக்கு அந்தப்புறம் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரு பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் அவன். சுத்தமான காலர்.

"வாங்க சார்," என்றான். "தண்ணி சாப்பட்றீங்களா?"

ஒன்பது வருடம் நைனா, நீ, வா, போ. இப்போது சார். அடி விழும் முன்பு முதுகைத் தடவுகிறான் என்று நினைத்தேன்.

"அப்பா எப்டி கீறாரு?"

"படுக்கையிலதான்."

தலையாட்டினான். ரீல் ஓடியது. அந்த அம்மாள் தொப்பையைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு," என்றவர் அவன் பக்கம் திரும்பி, "நீங்க ஃபைலைத் திறந்து பாத்துடுங்க. ஓகேன்னா இன்னிக்கே முடிச்சுடலாம்," என்றார்.

அவன் திறந்தான். சுவரிலிருந்த பெரிய திரையில் என் கான்ஸ்டபிள், இரண்டு கையையும் விரித்து, சிலுவையில் அறையப்படக் காத்திருப்பவன்போல நின்றான். இடுப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் உடம்பு இறங்கும். மவுஸ் நேராக அங்கே போயிற்று. வேறு எங்கும் போகவில்லை. கான்ஸ்டபிள் ஒரு சாண் இறங்கினான். முட்டி மடங்கத் தொடங்கியது. தொப்பையின் ஓரத்தில் முதல் கசங்கல் விழுந்தது. எனக்கு மட்டும் தெரியும் கசங்கல். எனக்கும் அவனுக்கும்.

இன்னும் ஒரு சாண் இழுத்திருந்தால் போதும்.

அவன் என்னைப் பார்த்தான். மவுஸை விட்டான். கான்ஸ்டபிளைப் பழையபடி நிமிர்த்தினான்.

"ஓட்து. செவுரு ஏற்து. போதும் மேடம்."

வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. அந்தப் 'போதும்' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜகுமாரியை விடாதவன், டிராகனை விடாதவன், தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையை விடாதவன், என்னை விட்டான். என் அப்பாவின் இடுப்பைக் காட்டி நான் வாங்கிய வேலை அது.

நான்கு வருடம் ஒரே மாடியில் வேலை செய்தோம். புதிதாக வந்த பிள்ளைகளின் பின்னால் போய் நிற்பான். "ஒக்கார வை." பூதம், ரோபோ, கால்பந்து வீரன், எல்லோரும் உட்கார்ந்தார்கள், எல்லோரும் கிழிந்தார்கள், மறுவாரம் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். மிட்டாய்ச் சத்தம் வரிசையில் நெருங்கிவரும். என் முதுகு நிமிரும். என் நாற்காலிக்குப் பின்னால் அது நிற்காது. அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். நான்கு வருடமும். தேநீர் இடைவேளையில் "சாப்டீங்களா சார்" என்பான். ஒருமுறையாவது கேள், கேட்டு என்னைக் கிழி, எல்லோர் முன்னாலும் கிழி என்று திரையைப் பார்த்தபடி நான் பல்லைக் கடித்தது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவன் அப்படித்தான் போயிருப்பான்.

பிறகு அவன் மலேசியாவில் ஒரு கம்பெனிக்குப் போனான். பிரிவுபசார கேக்கில் எனக்கு ஒரு துண்டு நீட்டினான். சர்க்கரை என்று பொய் சொல்லி மறுத்தேன்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவருடைய கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டு, காலியான அந்த மூலையில் என் மேஜையைப் போட்டேன். பழைய கோப்புகளில் கான்ஸ்டபிள் இருந்தான். மீசை மாறவில்லை. நான் தொப்பையிலிருந்து எலும்புகளைப் பிடுங்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாக. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இடுப்பில் நட்டேன், தொடை மடிப்பில் நட்டேன், வண்ணம் பூசினேன், அழித்தேன், பூசினேன். தொப்பை இப்போது குலுங்குவதில்லை. சாதாரணத் தொப்பை. அதை மடியில் வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் தரையில் இறங்கினான். தொடை திரும்பியது. பாதம் எதிர்த்தொடைக்கு அடியில் போயிற்று. காக்கி மடிந்தது, கிழியவில்லை. பொட்டலம் பிரிக்கக் காத்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

சுமதி வந்து எட்டிப் பார்த்து, "யாரு, மாமா உக்காந்த மாதிரியே இருக்கு?" என்றாள்.

அதைப் பத்து விநாடிப் படமாக எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், அவன் எண்ணுக்கு அனுப்பினேன். எண் மாறியிருக்கும் என்று நினைத்தேன். மரியாதையாகப் பதில் சொல்வானோ என்று பயமாகவும் இருந்தது. பாராட்டி, "சூப்பர் சார்" என்று எழுதிவிட்டால் அந்த எண்ணையே அழித்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் காலையில் குரல்பதிவு ஒன்று வந்தது. முதலில் பேச்சே இல்லை. கடக், கடக் என்று பல்லில் மிட்டாய். அப்புறம் அவன்.

"ஷோக்கா கீது நைனா. எய்ந்துக்க சொல்லு."

நாசமாய்ப் போகிறவன். ஆபீசுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். கையை ஊன்றி எழலாமா, ஊன்றாமல் எழ வேண்டுமா என்று அவன் சொல்லவில்லை.